ஆங்கிலம் படித்துப் பள்ளி ஆசிரியராக: பெற்றோரும் பிள்ளைகளும் முன்கூட்டியே அறிய வேண்டியவை



ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு இளம் ஆலிம் ஒருவர் கையில் ஒரு ஃபைலுடன் நம்மிடம் வந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு மதரஸாவில் சேர்ந்து, ஓதி முடித்து ஸனது வாங்கியவர். பிறகு திறந்தநிலைக் கல்வி மூலம் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்திருந்தார். மதிப்பெண்ணும் குறைவில்லை. பள்ளியில் ஆங்கில ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் பி.எட். சேரப் போன இடத்தில், "பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஹஜ்ரத், பட்டமே வாங்கிவிட்டேன், இனி எதற்குப் பத்தாம் வகுப்பு?" என்று அவர் கேட்டபோது நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருட உழைப்பு அந்த ஃபைலுக்குள் முடங்கிக் கிடந்தது.

அவர் ஒருவர் மட்டுமல்ல. மகளை பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் வாப்பாமார்களையும், பி.எட். முடித்து வீட்டில் இருந்துகொண்டு எந்தத் தேர்வை எழுதுவது என்று விழிக்கும் சகோதரிகளையும் நாம் அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்து, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முறையான தகுதி பெற்ற ஆசிரியராக ஆவது எப்படி என்பதை ஆரம்பத்திலிருந்து வரிசையாக இங்கே எழுதுகிறோம். நாமும் மதரஸாவில் ஓதிய பிறகே கலைப் பட்டம் படித்தவர்கள் என்பதால், இந்தப் பாதையின் மேடு பள்ளங்கள் ஓரளவு தெரியும்.

அந்நிய மொழி படிப்பது பற்றி

"ஆங்கிலம் எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். இருந்தாலும் ஒரு செய்தியை நினைவூட்டுவது நல்லது. யூதர்களின் எழுத்தையும் மொழியையும் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அவர் அரை மாதத்திற்குள் அதைக் கற்றுக்கொண்டு, நபியவர்களுக்காகக் கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் செய்தார். இது திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. சமுதாயத்தின் தேவைக்காக இன்னொரு மொழியில் தேர்ச்சி பெறுவது நம் முன்னோர் செய்த பணி என்பதற்கு இது ஒன்றே போதும்.

நம் சமுதாயத்தின் கல்லூரிகளும் அந்த வழியில்தான் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ல் தொடங்கப்பட்டது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951ல் வந்தன. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் தனவந்தர்கள் வாரி வழங்கி உருவாக்கிய நிறுவனங்கள் இருக்கின்றன.

முதலில் அடித்தளம்: 10, 12, பட்டம்

நம் நாட்டில் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இருப்பது போல ஆசிரியருக்கென்று தனியாக ஒரு உரிம அட்டை கிடையாது. பட்டம், பி.எட்., தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஆசிரியரின் உரிமம். எந்தத் தகுதி வேண்டும் என்பதை நிர்ணயிப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்.

இந்த மூன்றுக்கும் கீழே ஓர் அஸ்திவாரம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ் டூ, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை அது. இந்த வரிசை மாறக்கூடாது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009ல் ஆணை (அரசாணை 107) வெளியிட்டது. பி.எட். சேர்க்கையிலும் இதே வரிசையைத்தான் பார்க்கிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு பிளஸ் டூ எழுதினாலும் வரிசை சரியாகிவிடாது. நம்மைச் சந்தித்த ஆலிமின் பிரச்சினை இதுதான்.

எனவே மதரஸாவில் பிள்ளைகளை ஓத வைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்குப் போகாத மாணவர்களும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலைத் தேர்வுகளைத் தனித்தேர்வர்களாக எழுதலாம். ஓதும் காலத்திலேயே ஒவ்வொன்றாக எழுதி முடித்துவிட்டால், ஸனது வாங்கும்போது பிளஸ் டூ சான்றிதழும் கையில் இருக்கும். இப்போது பல மதரஸாக்களில் இதற்கான வகுப்புகளையே நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளை ஓதும் மதரஸாவில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால் நாஜிரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

பி.ஏ. ஆங்கிலம்: என்ன படிக்கிறார்கள்?

பள்ளியில் ஆங்கில ஆசிரியராக வேண்டுமானால் பட்டப் படிப்பின் முதன்மைப் பாடம் ஆங்கிலமாக இருக்க வேண்டும். பி.காம். படித்தவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார் என்பதற்காக ஆங்கில ஆசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் பி.ஏ. ஆங்கிலத்தில் சேரலாம் என்பது பொதுவான நடைமுறை.

தமிழகக் கல்லூரிகளில் இந்தப் பட்டம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி எல்லாருக்கும் பொதுவான ஆங்கிலம். மூன்றாம் பகுதிதான் முதன்மைப் பாடம். இதில் சாசர் காலம் முதல் இன்று வரையிலான இங்கிலாந்து இலக்கியம், ஷேக்ஸ்பியர் நாடகங்கள், அமெரிக்க இலக்கியம், ஆர்.கே. நாராயண் போன்ற இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை, ஆங்கில மொழியின் வரலாறு, ஒலியியல், இலக்கணம், இலக்கியத் திறனாய்வு ஆகியவை இருக்கும்.

முதல் பகுதியில் அரபியையோ உருதுவையோ எடுக்கும் வாய்ப்பு நம் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றில் உண்டு. தாராளமாக எடுக்கலாம். ஆனால் பின்னால் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதும்போது தமிழ் தகுதித் தாளில் தேர்ச்சி கட்டாயம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் வீட்டில் உருது பேசி, பள்ளியிலும் உருது படித்த பிள்ளைகள் தமிழைக் கைவிட்டுவிடக் கூடாது. பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

பெற்றோர் சிலர், "இலக்கியம் என்றால் காதலும் மதுவும் கிரேக்கக் கடவுள்களும்தானே, பிள்ளையின் ஈமானுக்கு ஆபத்தில்லையா?" என்று நம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் நம் அரபி மதரஸாக்களின் பழைய பாடத்திட்டத்திலேயே 'ஸப்உ முஅல்லகா' இருக்கிறது. அது ஜாஹிலிய்யா காலத்துக் கவிதைத் தொகுப்பு. இம்ரவுல் கைஸின் காதலும் மதுவும் அதில் உண்டு. அரபு மொழியின் ஆழத்தை அறிய வேண்டும், குர்ஆனின் மொழிநடையை விளங்க வேண்டும் என்பதற்காக உலமாக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கொடுத்தார்கள். படிப்பது வேறு, பின்பற்றுவது வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அந்தத் தெளிவை வீட்டில் ஊட்டிவிட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். மாணவரும் தேர்வில் பாத்திரத்தின் குணத்தை எழுதும்போது அது தன் கொள்கை அல்ல என்பதை அறிந்தே எழுதுவார்.

அதைவிட நாம் கவலைப்பட வேண்டிய வேறொரு விஷயம் இருக்கிறது. மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்தும் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேச முடியாதவர்கள் ஏராளம். நோட்ஸை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவதால் வரும் குறை இது. ஆசிரியராக விரும்பும் மாணவர் முதலாண்டிலிருந்தே தினமும் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வானொலியிலோ இணையத்திலோ ஆங்கிலச் செய்தியைக் கேட்க வேண்டும். வீட்டில் தம்பி தங்கைக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். தஜ்வீது ஓதிய பிள்ளைகளுக்கு ஒலியியல் கடினமாக இருக்காது. ஓர் எழுத்தின் மக்ரஜை அறிந்து நாவை வைக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தின் 'எஃப்', 'இஸட்' போன்ற ஒலிகள் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குப் புதியவை. 'ஃபா'வையும் 'ஸா'வையும் ஓதியவருக்கு அவை பழகியவை.

தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கலாமா என்று கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு, பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் படிப்பை அந்த ஆண்டுக்கு அங்கீகரித்திருந்தால் படிக்கலாம். சேரும் முன் மானியக் குழுவின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் பாடத்தின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள படிப்பு மையத்தின் வாய்மொழி உத்தரவாதத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பி.எட்.: இரண்டாண்டுப் பயிற்சி

2015ஆம் ஆண்டுக்கு முன் பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு அது இரண்டாண்டாகிவிட்டது. தமிழகத்தில் கல்வியியல் கல்லூரிகள் பெரும்பாலும் 2008ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

சேர்வதற்குப் பட்டப் படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும். நம் பிள்ளைகள் வரும் பி.சி.எம். பிரிவுக்கு 45 சதவீதம் போதும். சென்னை சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவை ஆகிய இடங்களில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. இடங்களும் குறைவு. அதனால் பி.ஏ.வில் எடுக்கும் மதிப்பெண் முக்கியம். சுயநிதிக் கல்லூரியில் சேருவதாக இருந்தால், அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரியுங்கள். "வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லும் இடம் உங்கள் பிள்ளையை ஆசிரியராக்காது. போகாத வகுப்புக்கு வருகை காட்டி வாங்கும் சான்றிதழைக் கொண்டு சம்பாதிப்பது ஹலாலா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

தொலைநிலையில் பி.எட். படிக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் பயிற்சி பெற்றுப் பள்ளிகளில் பணியில் இருப்பவர்களுக்கும் உரியது. புதிதாகப் பட்டம் முடித்த மாணவருக்குக் கல்லூரிக்குச் சென்று படிக்கும் முறைதான் வழி.

பி.எட்.டில் குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், கற்றலும் கற்பித்தலும், மதிப்பீடு, மாற்றுத்திறன் குழந்தைகளையும் சேர்த்துக் கற்பித்தல், ஆங்கிலம் கற்பிக்கும் முறை ஆகிய பாடங்கள் உண்டு. பள்ளியில் 20 வாரம் பயிற்சி உண்டு. முதலாண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். அதற்கு முன் 'மைக்ரோ டீச்சிங்' என்ற பயிற்சி நடக்கும். சில நிமிடங்களுக்கு ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துப் பழகுவார்கள். பாடத்தை அறிமுகப்படுத்துவது ஒரு திறன். கேள்வி கேட்பது ஒன்று. கரும்பலகையைப் பயன்படுத்துவது இன்னொன்று. கூட இருக்கும் மாணவர்களே பிள்ளைகளைப் போல உட்கார்ந்து கேட்பார்கள். குறையைச் சொன்ன பிறகு திரும்பவும் நடத்திக் காட்ட வேண்டும். கூச்சமுள்ள பெண் பிள்ளைகளுக்கு முதல் வாரம் சிரமமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

பயிற்சிப் பள்ளி தொலைவில் அமையலாம். உடை விதிகளும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஹிஜாப் பற்றியும் போக்குவரத்து பற்றியும் சேரும்போதே கல்லூரியில் தெளிவாகக் கேட்டுக்கொள்வது, நடுவில் படிப்பை நிறுத்தும் நிலையைத் தடுக்கும்.

பிளஸ் டூ முடித்த உடனேயே ஆசிரியராவது என்று தீர்மானித்துவிட்ட மாணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு இது. ஓராண்டு மிச்சமாகும். இதற்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு நடக்கிறது. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் நம் மாநில மாணவர்களுக்கும் உரியது. ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே பெயர்பெற்றது. வெளியூர் அனுப்ப வசதியும் மனமும் உள்ள குடும்பங்கள் இவற்றையும் பார்க்கலாம்.

தகுதித் தேர்வு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிப்போர் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி வந்தது. தமிழகத்தில் பட்டதாரி ஆசிரியர்கள் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளை எடுப்பதால் அவர்களுக்கு இது பொருந்துகிறது. அவர்கள் எழுத வேண்டியது இரண்டாம் தாள்.

அதில் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 கணிதம் - அறிவியல் அல்லது சமூக அறிவியல். இங்கேதான் ஆங்கிலப் பட்டதாரிகள் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். "நாம் ஆங்கிலம் படித்தவர்கள், ஆங்கிலத்துக்கு 30 மதிப்பெண்தானா?" என்று கேட்கிறார்கள். ஆம், அப்படித்தான். பெரும்பாலான ஆங்கிலப் பட்டதாரிகள் சமூக அறிவியலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் பாடநூல்களை மறுபடியும் படிக்க வேண்டும். பி.எட். படிக்கும்போதே தொடங்கிவிட்டால் சுமை தெரியாது.

தேர்ச்சி மதிப்பெண் 60 சதவீதம். 2014ல் தமிழக அரசு இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதை 55 சதவீதமாகத் தளர்த்தியது. அதன்படி அப்போது 150க்கு 82 என்று இருந்தது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையில் உள்ள அளவே இறுதியானது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒருமுறை தேர்ச்சி பெற்றால் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 ஜூலையில் தமிழகத்தில் நடந்த முதல் டெட் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே தேறினார்கள்.

மத்திய அரசின் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. நடத்தும் சி-டெட் தேர்வு இருக்கிறது. கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு அது பயன்படும்.

நம் சமுதாயப் பள்ளிகளுக்கு இது கட்டாயமா?

சிறுபான்மை நிறுவனங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்தது. அதை வைத்து, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு டெட் தேவையில்லை என்ற நிலை இருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் பணியில் தொடர இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்று கூறியது. பதவி உயர்வுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. சிறுபான்மை நிறுவனங்களைப் பொறுத்தவரை 2014 தீர்ப்பு சரியா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

இதில் நமக்கு உள்ள பாடம் தெளிவு. "நம் பள்ளிதானே, டெட் எதற்கு?" என்று இருப்பது நல்லதல்ல. விலக்கு நீடித்தாலும் நீங்கினாலும், தேர்ச்சி பெற்றவருக்கு இழப்பில்லை. சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகிகளும் தங்கள் ஆசிரியர்களைத் தேர்வுக்குத் தயார்படுத்த வேண்டும். குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறார்கள் என்று தகுதி இல்லாதவர்களை வைத்துப் பாடம் நடத்தினால், அதன் விலையைக் கொடுப்பது நம் பிள்ளைகள்தான்.

அரசுப் பள்ளிப் பணி

டெட் தேறினால் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். டெட் என்பது தகுதி மட்டுமே. 2018ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு, பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகப் போட்டித் தேர்வு நடத்துகிறது. 2023 அக்டோபரில் வந்த அறிவிக்கையின்படி தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. அதில் தமிழ் தகுதித் தாளுக்கு 50 மதிப்பெண், தேற 20 வேண்டும். அதில் தேறினால்தான் 150 மதிப்பெண்ணுக்கான பாடத் தாளைத் திருத்துவார்கள். ஆங்கிலப் பட்டதாரிக்கு இங்கே ஆங்கில இலக்கியமும் மொழியும்தான் கேள்வி. பி.ஏ.வில் பாடநூல்களையே நேரடியாகப் படித்தவருக்கு இது கைகொடுக்கும். நோட்ஸை மட்டும் நம்பியவருக்குக் கடினம்.

11, 12ஆம் வகுப்புகளுக்குக் கற்பிக்க எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் வேண்டும். இதற்கு டெட் தேவையில்லை. நேரடியாக முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வை எழுதலாம். அதில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 மதிப்பெண்.

ஊதிய விகிதம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாயில் தொடங்கி 1,15,700 வரை. முதுநிலை ஆசிரியருக்கு 36,900 முதல் 1,16,600 வரை. படிகள் தனி. தனியார் பள்ளிகளில் ஊதியம் இதைவிட வெகு குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே பணியாற்றிக்கொண்டே தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் அதிகம்.

வயது வரம்பும் நம் சகோதரிகளுக்குச் சாதகமாக உள்ளது. 2023 அறிவிக்கையில் பொதுப் பிரிவுக்கு 53, பி.சி.எம். உள்ளிட்ட பிரிவுகளுக்கு 58 என்று இருந்தது. திருமணமாகி, பிள்ளை வளர்த்து, பத்து வருடம் கழித்து வருபவருக்கும் கதவு திறந்திருக்கிறது.

2007 முதல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளை, தூதேகுலா ஆகியோர் இதில் வருகிறார்கள். தகுதியுள்ளவர்கள் போதுமான அளவில் விண்ணப்பித்தால்தான் இந்த ஒதுக்கீட்டின் பலன் சமுதாயத்துக்கு முழுமையாகக் கிடைக்கும்.

சான்றிதழில் கவனம்

நம் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', பட்டத்தில் சுருக்கமாக 'மொஹ்த்' என்று ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். ஃபாத்திமா, ஆயிஷா, ஹாஜரா என்ற பெயர்களுக்கும் இதே கதைதான். இனிஷியலும் இடம் மாறும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரத்திலேயே எழுத்தைச் சரிபார்த்து, மற்ற எல்லா ஆவணங்களையும் அதற்கு ஒத்ததாக மாற்றிவிடுங்கள்.

சாதிச் சான்றிதழில் பி.சி. என்றில்லாமல் பி.சி.எம். என்று தெளிவாக இருக்க வேண்டும். திருமணமான பெண்களின் சாதிச் சான்றிதழ் தகப்பனார் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ளதை ஏற்க மாட்டார்கள். ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிப்பதைத் தவிர்த்து, ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைத் தொடங்குவதே பாதுகாப்பானது.

செலவுக்கு வழி

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு, பட்டப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ல் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. இதைக் கல்லூரி மூலமே பதிவு செய்யலாம். அதற்கு மேல் தேவைப்படும் ஏழை மாணவர்களுக்கு ஊர் ஜமாஅத்துகள் ஜகாத் நிதியிலிருந்து உதவலாம். ஒரு வருடம் ஒரே ஒரு மாணவிக்கு பி.எட். கட்டணம் கட்டினாலும், சில ஆண்டுகளில் அந்த ஊருக்கு ஓர் ஆங்கில ஆசிரியை கிடைப்பார்.

கணக்குப் பார்த்தால்

17 அல்லது 18 வயதில் பிளஸ் டூ. 21 வயதுக்குள் பி.ஏ. 23 வயதுக்குள் பி.எட். படிக்கும்போதே டெட் தயாரிப்பு. பிறகு போட்டித் தேர்வு. இடையில் எம்.ஏ. சேர்ந்தால் இன்னும் இரண்டாண்டு. பெண் பிள்ளைக்கு இடையில் நிகாஹ் பேசும் குடும்பங்கள், பி.எட். முடிக்க வைப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பாதியில் நின்ற பி.எட்.டால் எந்தப் பயனும் இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஆலிமுக்கு வருவோம். ஃபைலை மூடி வைத்துவிட்டு, பள்ளிவாசலில் இமாமத் செய்துகொண்டே தனித்தேர்வராக ஒவ்வொரு தேர்வாக எழுதினார். பிளஸ் டூ தேறிய பிறகு பி.ஏ. ஆங்கிலத்தை முதலிலிருந்து படித்தார். ஒருமுறை படித்த பாடங்களையே மறுபடியும் படிப்பது எவ்வளவு கசப்பு என்பதை அவர் முகத்தில் பார்த்தோம். இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு. பயிற்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறார். "பிள்ளைகள் என்னையும் ஹஜ்ரத் என்றே கூப்பிடுகிறார்கள்" என்று சென்ற மாதம் சிரித்தபடி சொன்னார். அவர் இழந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது. அவர் சறுக்கிய இடத்தில் இன்னொருவர் சறுக்காமல் இருக்க இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

ஆசிரியப் பணி ஓர் அமானிதம். அதை முறையான தகுதியோடும் உண்மையான உழைப்போடும் ஏற்கும் ஆண்களையும் பெண்களையும் நம் வீடுகளிலிருந்து அல்லாஹ் உருவாக்குவானாக. ஆமீன்.